எடுத்துக் கொடுக்க ஒரு நாய்

நாயின்னா உனக்குப் பிடிக்குமா தாயி? பிடிக்கும்னா இப்பவே சொல்லிரு, நான் எந்திரிச்சு வேற சீட்டுக்குப் போயிருதேன். இல்ல, போன்ல அந்த நாய்க்குட்டி படத்தப் பாத்துப் பாத்துச் சிரிச்சுக்கிட்டு வாரியே, அதான் கேட்டேன். உங்க வீட்டுதா? பக்கத்து வீட்டுதா. அப்பச் சரி. பக்கத்து வீட்டுல இருக்க வரைக்கும் எல்லா நாயும் நல்ல நாய்தான்.

நான் அம்பாசமுத்திரத்துல எங்க நாத்துனா வீட்டுக்குப் போயிட்டு வாரேன். சங்கரன்கோவில் போணும். இந்த பஸ் போற போக்குக்கு ஊரு போய்ச் சேர இருட்டிரும் போல. நீ கேக்கலன்னாலும் நான் சொல்லத்தான் போறேன். சொல்லாட்டி எனக்கு நெஞ்சடைச்சிரும்.

எங்க வீட்டுக்காரர் பேரைச் சொல்றதுல எனக்குக் கூச்சம் ஒன்னும் கிடையாது. பூதலிங்கம். ஆனா எங்க ஊர்ல பூதலிங்கம்னா ஒருத்தருக்கும் தெரியாது, டிரில் மாஸ்டர்னாத்தான் தெரியும். கழுத்துல ஒரு விசிலு, கையில ஒரு பிரம்பு. அவுக ஒரு ஊது ஊதினா பள்ளிக்கூடத்துல அத்தனை பயலும் நின்ன இடத்துலயே நிப்பானாம். வீட்டுலயும் அதே அதிகாரம்தான். ‘தண்ணி’ம்பாக. தண்ணி வந்து நிக்கணும். ‘துண்டு’ம்பாக. துண்டு வந்து நிக்கணும். கூட ஒரு ‘தா’ சேத்துச் சொன்னா வாயில இருக்க முத்து உதிர்ந்திரும். நானும் கொடுத்துக்கிட்டுத்தான் இருந்தேன். எங்களுக்குப் பிள்ளை கிடையாது. அதனால கூப்பிடுத குரலுக்கெல்லாம் நான் ஒருத்திதான் ஓடணும்.

ரிட்டயர் ஆகி நாலு மாசம் ஆகல, ஒரு நாள் காலையில பல்லு விளக்கப் போனவுக குழாயடியில அப்படியே சரிஞ்சிட்டாக. வலது கையும் காலும் போச்சு. வாயி ஒரு பக்கமா இழுத்துக்கிடுச்சு. ஆஸ்பத்திரியில கிடந்து எந்திரிச்சு வந்தாக. கம்ப ஊனி வீட்டுக்குள்ள நடக்கலாம், அவ்வளவுதான். கையி ஏதோ கொஞ்சம் பிடிமானம் வரும், காலு இனிமே பழைய மாதிரி வராது, இழுத்துக்கிட்டேதான் நடக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. பேச்சும் அப்படித்தான். வாய்க்குள்ள பழத்தப் போட்டுக்கிட்டுப் பேசுத மாதிரி இருக்கும். ஆஸ்பத்திரியில ஒரு பொண்ணு ஆ, ஊ, ஈன்னு வாய்க்குப் பயிற்சி சொல்லிக் கொடுத்து, வீட்டுல தினம் செய்யச் சொல்லுங்கன்னு எங்கிட்டச் சொல்லி விட்டுச்சு. நானும் எதுத்தாப்புல உக்காந்து ‘ம், சொல்லுங்க, ஆ’ன்னேன். ஒன்னாப்புப் பிள்ளை கணக்கா அவுக வாயத் திறந்ததப் பாத்ததும் எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. வரத்தானே செய்யும்? அன்னைக்கு வாய மூடுனவுகதான். அத்தனை ரோஷம்.

நான் குறை வச்சேன்னு ஒருத்தர் சொல்ல முடியாது. குளிப்பாட்டி விட்டேன். சோத்தப் பிசைஞ்சு கொடுத்தேன். கையில பிடிமானம் இல்லையா, எதை எடுத்தாலும் கீழ போட்டுருவாக. துண்டு விழும், கண்ணாடி விழும், பேனா விழும், கம்பு விழும். அத்தனையும் நான்தான் குனிஞ்சு எடுத்துக் கொடுப்பேன். எடுத்துக் கொடுக்கும்போது வாயி சும்மா இருக்குமா? ரெண்டு வார்த்தை சொல்லிட்டுத்தான் கொடுப்பேன். ஊரையே ஓட விட்ட மனுசனுக்கு ஒரு துண்டப் பிடிக்கத் தெரியல பாருன்னு சொல்லுவேன். இப்ப ஊதுங்களேன் விசில, துண்டு தானா எந்திரிச்சு வருதான்னு பாப்போம்னு சொல்லுவேன். தமாசுக்குத்தான். புருசன் பொஞ்சாதிக்குள்ள இதெல்லாம் இல்லாம இருக்குமா? எதுத்த வீட்டுக்காரி கூடச் சிரிப்பா.

போகப் போக அவுக கேக்கதையே விட்டுட்டாக. ஒரு நாள் பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தவுக கண்ணாடிய நழுவ விட்டுட்டாக. நாற்காலிக்குக் கீழ போயிருச்சு. நான் அடுப்படியில இருந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். கூப்பிடுவாகன்னு பாத்தேன். கூப்பிடல. பேப்பர மடியில வச்சுக்கிட்டுச் சுவரையே பாத்துக்கிட்டு இருக்காக. சரி, எவ்வளவு நேரம்தான் இருப்பாகன்னு நானும் பாக்கேன். பொழுது சாயுற வரைக்கும் இருந்தாக தாயி. என்ன வீம்பு பாத்தியா. வடிவு, கண்ணாடிய எடுன்னு சொன்னா நான் எடுத்துக் கொடுக்க மாட்டேனா?

இந்த லட்சணத்துலதான் நயினார் வந்தான். அவுககிட்டப் படிச்ச பய. போலீஸ்ல நாய்களுக்குப் பயிற்சி கொடுக்க வேலை. சாருக்கு மேலுக்கு முடியலன்னு கேள்விப்பட்டுப் பாக்க வாரவன் ஆரஞ்சுப் பழம் வாங்கிட்டு வருவான், ஹார்லிக்ஸ் வாங்கிட்டு வருவான். இவன் நாயப் பிடிச்சுட்டு வந்து நிக்கான். தவிட்டு நிறத்துல, காலு நாலும் நாலு திசைக்குப் போற மாதிரி ஒரு நாயி. போலீசுக்குன்னு பாத்து வளத்த குட்டியாம். வெடிச் சத்தம் கேட்டா பயந்து ஒடுங்கிருதாம், அதனால கழிச்சுட்டாங்களாம். பேரு ஜூலி. போலீஸ்காரன் வேண்டாம்னு தள்ளுன சவத்த எங்க வீட்டுத் தலையில கட்ட வந்திருக்கான்.

நயினார் சொல்லுதான், ‘சார், இதுக்கு மூக்கும் வாயும் சுத்தம். ஒரு சாமான எடுத்துட்டு வர்றதுல இதுக்கு இருக்க ஆசை நூத்துல ஒரு நாய்க்குத்தான் இருக்கும். நீங்க பழக்குனா கீழ விழுந்ததெல்லாம் எடுத்துக் கையில கொடுக்கும்’னு. எனக்கு வந்துச்சே கோவம். ஏம்ப்பா, வீட்டுல நான் ஒருத்தி கல்லு மாதிரி இருக்கேனே, எடுத்துக் கொடுக்க நாய் எதுக்குன்னு கேட்டேன். அவன் அவுக முகத்தப் பாத்தான். அவுக நாயப் பாத்தாக. நாய் எங்க அடுப்படியப் பாத்துச்சு. அதுக்கு அங்கதானே சோலி.

அன்னைக்கே ஆரம்பிச்சாச்சு. பழைய பனியன் ஒன்னச் சுருட்டி நூலால இறுக்கிக் கட்டி, அதை இவுக இடது கையால எறியணும். நாய் போய் எடுத்துட்டு வந்து கையில கொடுக்கணும். இதுதான் படிப்பு. நாய் போகும். எடுக்கவும் செய்யும். கொடுக்கத்தான் செய்யாது. வாயில வச்சுக்கிட்டுத் துவைக்கிற கல்லைச் சுத்திச் சுத்தி ஓடும், முருங்கை மரத்தடியில போய் நின்னு ‘வந்து பிடி பாப்போம்’ங்கிற மாதிரி பாக்கும். நான் வாசப்படியில உக்காந்து பாத்துக்கிட்டு இருப்பேன். நல்ல வாத்தியாரு, நல்ல மாணவின்னு சொல்லுவேன்.

அதுக்கு நயினார் ஒரு வித்தை சொன்னான். விரட்டக் கூடாதாம். விரட்டினா அது விளையாட்டுன்னு நினைச்சு இன்னும் ஓடுமாம். இந்தப் பக்கம் திரும்பி நாம பாட்டுக்கு நடந்தோம்னா, ‘என்னடா இவன் போறான்’னு அது தானாப் பின்னால வருமாம். ‘மத்தவங்களுக்கு இதைச் சொல்லிப் புரிய வைக்க முடியாது சார். நாயி ஓடினா பின்னாலயே ஓடிருவாங்க. உங்களால விரட்ட முடியாதுல்லா, அதுவே உங்களுக்கு நல்லதாப் போச்சு’ன்னான். காலு போனத நல்லதாப் போச்சுன்னு சொல்லுதான் ஒருத்தன், அதுக்கு இவுக சிரிக்காக. ஒரு பக்கமா இழுத்த வாயி, அதை வச்சுக்கிட்டுச் சிரிக்காக. அதையே நான் சொல்லியிருந்தா?

பொறவு தினமும் இதே கூத்துதான். எறிவாக. நாய் எடுக்கும். இவுக முதுகக் காட்டிக்கிட்டுக் கம்ப ஊனித் தட்டுத் தட்டுன்னு நடப்பாக. நாய் கொஞ்ச நேரம் நின்னு பாக்கும், பொறவு பின்னாலயே வரும். வந்தா அதுக்குப் பொரிகடலை. கொடுத்துட்டா மறுபடியும் எறிவாக. இதுல ஒரு கண்டிசன். நாய் வாயில இருக்கத இழுத்துப் பிடுங்கக் கூடாது. ‘விடு’ன்னு சொல்லணும். அதுவா விடணும். இவுக வாயில ‘விடு’ எங்க வரும்? ‘இயு’ன்னு வரும். நாய் முழிக்கும். ‘எடு’ம் ‘இயு’, ‘விடு’ம் ‘இயு’ன்னா அது என்ன செய்யும் பாவம். நயினார் சொன்னான், ரெண்டும் வேற வேற சத்தமா இருக்கணும் சார், நாய்க்கு அதுதான் பாடம்னு.

அதுக்காக உக்காந்து பழகுனாக தாயி. ஆஸ்பத்திரிப் பொண்ணு சொல்லும்போது வராத வாயி, நான் எதுத்தாப்புல உக்காந்தப்ப மூடிக்கிட்ட வாயி. கொல்லைப்புறத்துல மர நாற்காலியப் போட்டுக்கிட்டு, நாய எதுத்தாப்புல உக்கார வச்சுக்கிட்டு, உதட்டப் பல்லால கடிச்சு ‘வ்வ்... வ்வி’ன்னு ஒரே பிரயத்தனம். எச்சி வடியும். துடைச்சுக்கிட்டு மறுபடியும் ‘வ்வி’. அந்த நாயும் சிரிக்காம உக்காந்து கேட்டுக்கிட்டு இருக்கும். ‘கொண்டா’ன்னு சொல்ல வேண்டியது ‘கோந்தா’ன்னு வரும். எதுத்த வீட்டுக்காரிகிட்ட நான் அதை அப்படியே சொல்லிக் காட்டினேன். தெருவே கொஞ்ச நாளைக்கு ‘கோந்தா கோந்தா’ன்னு சொல்லிச் சிரிச்சுக்கிட்டுக் கிடந்துச்சு. அவுக காதுலயும் விழுந்திருக்கும். விழட்டுமே, பொய்யா சொன்னேன்?

ஒரு நாள் ‘விடு’ன்னு வந்துருச்சு. சுத்தமா வந்துச்சு. நாய் பனியனப் பொத்துனு விட்டுச்சு. ‘சபாஷ்’னாக. அது ‘அபாஷ்’னுதான் வந்துச்சு, ஆனா நாய்க்கு விளங்கிருச்சு, வால ஆட்டு ஆட்டுன்னு ஆட்டுது. அதுக்கப்புறம் எதுக்கெடுத்தாலும் சபாஷ்தான். துண்ட எடுத்துட்டு வந்தா சபாஷ். செருப்ப எடுத்துட்டு வந்தா சபாஷ். நான் கல்யாணம் ஆன நாள்ல இருந்து எடுத்துக் கொடுத்தேனே, ஒரு சபாஷ் கேட்டிருப்பேனா? எனக்கு அது வேணும்னு சொல்லல. ஒரு நியாயத்துக்குச் சொல்லுதேன்.

சாவிக் கொத்துதான் அதுக்கு வரல. இரும்பு பல்லுல பட்டா நாய்க்குக் கூசுமாம். மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிடும். அதுக்கு இவுக என்ன செஞ்சாக தெரியுமா? சாவி மேல துணியச் சுத்தினாக. ஒத்தக் கையாலயும் பல்லாலயும் முடிச்சுப் போட்டு. நாய் துணின்னு நினைச்சு எடுத்துட்டு வந்துச்சு. நாளுக்கு நாள் துணியக் கொஞ்சம் கொஞ்சமாக் கிழிச்சுக் குறைச்சுக்கிட்டே வந்தாக. கடைசியில வளையத்துல ஒரு நாடா மட்டும் தொங்கிச்சு. அதையும் எடுத்தாச்சு. வெறும் சாவிய அந்த நாய் தூக்கிட்டு வந்து கையில வச்சுது. இத்தனை பொறுமை இந்த மனுசனுக்குள்ள எங்க இருந்துச்சுன்னு கேக்கேன். சாம்பார்ல உப்புக் கம்மின்னா தட்டத் தள்ளி விட்டுட்டு எந்திரிச்சுப் போன மனுசன் தாயி.

தெருவுல நாலு பேரு வந்து வேடிக்கை பாக்க ஆரம்பிச்சாச்சு. ஒருத்தி சொல்லுதா, ‘பிள்ளை இல்லாத குறைக்கு ஒரு பிள்ளை மாதிரி ஆயிப்போச்சு மதினி’ன்னு. நான் அவகிட்ட அதுக்கப்புறம் பேச்ச விட்டுட்டேன்.

நானும் சும்மா இருக்கல. நான் என்ன, நாய்க்குத் தோத்தவளா? சாமான் கீழ விழுத சத்தம் கேட்டா போதும், அடுப்புல எது இருந்தாலும் போட்டது போட்டபடி ஓடி, நாய் வாரதுக்குள்ள எடுத்துருவேன். அது வந்து என் கையப் பாத்துக்கிட்டு நிக்கும். போ மூதின்னு விரட்டுவேன். இன்னொரு பக்கம் அதுக்கு அடுப்படியில வச்சு மீன் தலையாப் போட்டேன். மீன் வாசம் வந்துட்டா அது அவுக எறியுத பனியனத் திரும்பிக்கூடப் பாக்காது. ரெண்டு நாளு அப்படி நடந்துச்சு. நயினார் வந்து விசாரிச்சுட்டு, ‘அம்மா, இதுக்குச் சோறு சார் கையாலதான் வைக்கணும்’னான். எங்க வீட்டு அடுப்படியில எனக்குச் சட்டம் போடுதான் போலீஸ்காரன்.

அப்பதான் அது நடந்துச்சு. ஒரு மத்தியானம், கட்டில்ல உக்காந்திருந்தவுக கண்ணாடியக் கீழ போட்டுட்டாக. சத்தம் கேட்டு நான் இந்தப் பக்கமா வாரேன், நாய் அந்தப் பக்கமா வருது. நான் முந்திட்டேன். எடுத்து, சீலைத் தலைப்புல துடைச்சு, நீட்டுதேன். இந்தாங்க, எந்த நாய் இப்படித் துடைச்சுக் கொடுக்கும்னு கேட்டுக்கிட்டே நீட்டுதேன். வாங்கல. என்னை நிமிந்து பாத்தாக. பாத்துட்டுச் சொன்னாக,

‘வடிவு. கீழ வை.’

ஒரு எழுத்து குழறல தாயி. இழுக்கல, திக்கல. மேலுக்கு முடியாமப் போனதுக்கப்புறம் என் பேரை அவுக அவ்வளவு சுத்தமாச் சொன்னது அன்னைக்குத்தான். என்னன்னேன். ‘கீழ வை’ன்னாக மறுபடியும்.

வச்சேன். எடுத்த இடத்துலயே வச்சேன். நாய் வந்து கண்ணாடியோட காம்பப் பூப் போலக் கவ்வி அவுக உள்ளங்கையில வச்சுது. ‘சபாஷ்’னாக. துடைக்கக்கூட இல்ல, அப்படியே மாட்டிக்கிட்டாக. நாய் எச்சி பட்ட கண்ணாடி வழியா என்னைப் பாத்தாக. பொண்டாட்டி கையில வாங்குறதக் காட்டிலும் நாய் வாயில வாங்குறது உசத்தியாப் போச்சு. இப்பேர்ப்பட்ட மனுசன வச்சு நான் காலம் தள்ளியிருக்கேன்.

அதுக்கப்புறம் நான் எதையும் எடுக்கல. எனக்கென்ன தலையெழுத்தா?

ஆடித்தபசு வந்துச்சு. எங்க ஊர்ல தபசுன்னா உனக்குத் தெரியும்ல, சங்கரன்கோவில் கொள்ளாது, ரோட்டுல மண்ணப் போட்டா மண்ணு கீழ விழாது. வெடியும் வாணமும் போட்டுக்கிட்டே இருப்பாங்க. அந்த நாய் காலையில இருந்தே கட்டிலுக்கடியில முடங்கிக் கிடந்துச்சு. இவுக பக்கத்துல உக்காந்து தடவிக் கொடுத்துக்கிட்டே இருந்தாக. சாயங்காலம் எப்படியோ வாசக் கதவு திறந்து கிடந்துருக்கு. யாரு திறந்தான்னா எனக்கென்ன தெரியும்? திருவிழா வீடு, போறவுக வாரவுக எத்தனை பேரு. கதவுன்னு இருந்தா திறக்கத்தான் செய்யும். பெரிய வெடி ஒன்னு விழுந்துச்சு, அந்த நாய் என் காலுக்கு இடையில பூந்து ஓடிப் போயிருச்சு.

சரி, சனியன் தொலைஞ்சுதுன்னு நினைச்சேன். நீ என்ன அப்படிப் பாக்க? மனசுல நினைச்சதத்தானே சொல்லுதேன்.

இவுக எந்திரிச்சுட்டாக. கம்ப எடுத்துக்கிட்டு வாசல் தாண்டிட்டாக. ஆஸ்பத்திரியில இருந்து வந்ததுக்கப்புறம் தெருவுல கால் வைக்காத மனுசன். வாசல்ல நாற்காலி போட்டு உக்காரக்கூடக் கூச்சப்பட்டு உள்ளயே கிடந்த மனுசன். அந்தக் கூட்டத்துல, காலை இழுத்துக்கிட்டு, வடக்கு ரத வீதிப் பக்கம் போறாக. நான் பின்னாலயே ஓடிக் கையப் பிடிச்சேன். உதறிட்டாக. ‘ஜூலி’ன்னு ஒரு சத்தம் போட்டாக பாரு. பள்ளிக்கூட மைதானத்துல போடுவாகளே, அந்தச் சத்தம். கூட்டம் திரும்பிப் பாக்குது. ‘டிரில் சாருல்லா’ங்குறான் ஒருத்தன். ‘சாருக்குப் பேச்சு வந்துருச்சா’ங்குறான் இன்னொருத்தன். எனக்கு மானம் போகுது. கோயில் விசேசத்துல சாமி பேரைச் சொல்லாம நாய் பேரைச் சொல்லிக் கத்திக்கிட்டுப் போறாகளே. நான் வீட்டுக்குத் திரும்பி வந்துட்டேன்.

விளக்கு வச்சு வெகு நேரம் கழிச்சு ஆட்டோ வந்து நின்னுச்சு. முன்னால நாய் இறங்குது, பின்னால இவுக. வேட்டியெல்லாம் சகதி. எங்கயோ விழுந்து எந்திரிச்சிருக்காக. கூட வந்த பயலுக சொன்னானுக, பழைய மாணவங்களாம், நாய் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால சாக்கடைப் பாலத்துக்கடியில பதுங்கியிருந்துச்சாம். யாரு கூப்பிட்டும் வரலையாம். இவுக பாலத்து மேல உக்காந்து, எவ்வளவு நேரமோ, மெதுவாக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தாகளாம். பொறவு முதுகக் காட்டிக்கிட்டு எந்திரிச்சு நடந்தாகளாம். அது வெளிய வந்து பின்னாலயே வந்துச்சாம். பயலுக இதைச் சாமி கதை மாதிரி சொல்லுதானுக.

நான் கதவோரம் நிக்கேன். கதவ யாரு திறந்தான்னு கேப்பாக, கேட்டா நாலு கேள்வி நான் திருப்பிக் கேக்கணும்னு எல்லாம் யோசிச்சு வச்சிருந்தேன். கேக்கல. என்னையக் கடந்து உள்ள போனாக. நாயத் துடைச்சு விட்டாக. சாப்பிடக் கூப்பிட்டேன், வந்து சாப்பிட்டாக. கேட்டுத் தொலைச்சிருந்தா என்ன? கேக்காம இருந்தாகளே, அதைத்தான் என்னால தாங்க முடியல.

தபசு முடிஞ்ச கையோட நயினார் ஒரு வேன் கொண்டு வந்து வாசல்ல நிப்பாட்டினான். தங்கச்சி வீட்டுக்குப் போறேன்னாக. எங்க நாத்துனா பிரம்மசக்தி. அவ புருசன் போனதுக்கப்புறம் அம்பாசமுத்திரத்துல வாய்க்காக் கரையில தனியா இருக்கா. நாலு நாளைக்கா போறீகன்னு கேட்டேன். தலைய ஆட்டினாக. அது ஆமான்னா, இல்லன்னா, யாருக்குத் தெரியும். ரெண்டு வேட்டி, மாத்திரை, கம்பு, நாய். அவ்வளவுதான் எடுத்துக்கிட்டாக. நாலு நாள்ல அந்தப் பிரம்மு கூழ் காச்சி ஊத்துனதும் ஓடி வந்துருவாகன்னு நினைச்சேன். அவளுக்கு ஒரு ரசம் வைக்கத் தெரியாது.

ஆவணி போச்சு. புரட்டாசி போச்சு. தீபாவளிக்காவது வருவாகன்னு பாத்தேன். அங்க வாய்க்காக் கரையில வெடிச் சத்தம் கம்மி, நாய்க்கு நல்லதுன்னு பிரம்மு போன்ல சொல்லுதா. நாய்க்கு நல்லதாம். தினம் காலையில வாய்க்காப் பாலம் வரைக்கும் நடக்காகளாம். கடைத்தெருவுல பேசுதாகளாம். ‘அண்ணன் முன்ன மாதிரி இல்ல மதினி, தண்ணி கொடுத்தாக்கூட, நல்லாயிருக்கு பிரம்முங்காக’ன்னு அவ பூரிச்சுப் போறா. வெறும் தண்ணி என்னத்த நல்லா இருக்கும்? அவ சொல்லுதா, நான் கேக்கணும்.

அதான் இன்னைக்கு நானே போனேன். கூப்பிடன்னு போகல. பாத்துட்டு வரலாம்னு போனேன். முறுக்கு சுட்டு எடுத்துட்டுப் போனேன். அவுகளுக்குப் பிடிக்கும்.

நான் போகும்போது முற்றத்துல உக்காந்திருக்காக. மேலு கொஞ்சம் தேறித்தான் இருக்கு, இல்லன்னு சொல்ல மாட்டேன். வா வடிவுன்னாக. நாய் வந்து மோந்து பாத்துச்சு. மீன் தலை ஞாபகம் இருக்கும் போல, வால ஆட்டுச்சு. வெக்கம் கெட்ட ஜென்மம். பிரம்மு காப்பி கொண்டாந்தா. எல்லாரும் நல்ல பேச்சாத்தான் பேசிக்கிட்டு இருந்தோம். அவ உள்ள போன பொறவு நான் கேட்டேன். வீட்டுக்கு எப்ப வாரீகன்னு.

நாயோட காதத் தடவிக்கிட்டே இருக்காக.

அங்க உங்களுக்கு என்ன குறைன்னு கேட்டேன். நான் என்ன சோறு போடாம இருந்தேனா, துணி துவைக்காம இருந்தேனா, மலசலம் அள்ள மூஞ்சியச் சுளிச்சேனா, சொல்லுங்க, உங்க தங்கச்சியையும் கூப்பிட்டு வச்சுக்கிட்டுச் சொல்லுங்கன்னேன். கொஞ்சம் சத்தமாத்தான் கேட்டேன். நாய் எந்திரிச்சு அவுக காலுக்குப் பின்னால போய் நின்னுச்சு.

யோசிச்சுட்டு, ஒவ்வொரு வார்த்தையா எடுத்து வச்சாக.

‘குறை ஒன்னும் இல்ல வடிவு. நீ நல்லாத்தான் பாத்துக்கிட்ட.’

கேட்டியா தாயி? அவுக வாயாலயே சொன்னாக. நல்லாத்தான் பாத்துக்கிட்டேன்னு. இத்தனை வருசத்துல முதல் தடவையாச் சொன்னாக. அப்பறம் எதுக்கு வரமாட்டேங்காக? நல்லாப் பாத்துக்கிட்டவள விட்டுட்டு எவனாவது போவானா? நீ படிச்ச பிள்ளைதானே, நீயே சொல்லு. கோட்டிக்காரத்தனமா இல்ல?

மேக்கொண்டு என்னத்தப் பேச. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு எந்திரிச்சேன். இருன்னு ஒரு வார்த்தை சொல்லுவாகன்னு பையை மெதுவாத்தான் எடுத்தேன். சொல்லல. நாயப் பாத்து, ‘ஜூலி, செருப்பு. அம்மா செருப்பு’ன்னாக. அது வாசலுக்கு ஓடி என் செருப்புல ஒன்னக் கவ்விக்கிட்டு வந்து என் கால்கிட்ட வச்சுது. போய் இன்னொன்னையும் கொண்டு வந்து போட்டுச்சு. அது கவுந்து விழுந்துச்சு.

செருப்ப எடுத்து முன்னால வைக்கிறதுன்னா என்ன அர்த்தம்? மரியாதையா, இல்ல கிளம்புன்னு சொல்றதா? அதைச் சொல்லவும் ஒரு நாயா? நான் அப்படியே நிக்கேன். கவுந்து கிடந்த செருப்ப நானும் குனிஞ்சு எடுக்கல, நாயும் தொடல. இவுக கம்ப ஊனி எந்திரிச்சு, ரெண்டு எட்டு வச்சு எங்கிட்ட வந்தாக. வந்து, அந்தச் செருப்பக் காலாலயே தள்ளித் தள்ளி, புரட்டி, மத்ததுக்குப் பக்கத்துல நேரா வச்சாக. வேர்த்து ஊத்துது. பொண்டாட்டி செருப்பக் காலால தள்ளுதாகளே, இந்தத் திமிர என்னன்னு சொல்ல?

போட்டுக்கிட்டு வந்துட்டேன். எச்சியும் ஈரமுமா இருந்துச்சு, துடைக்கல, அப்படியே போட்டுக்கிட்டு வந்துட்டேன்.

வலது காலு தாயி. வராதுன்னு டாக்டர் சொன்ன அந்தக் காலால.